பல்லிக்கு மறதி கிடையாது

ஆனைமடை நகராட்சி பல்லிகளை வாங்கிய புதிதில், வேலை வெட்டியை விட்டுவிட்டு ஊரே தெருவில் நின்று வேடிக்கை பார்த்தது. பல்லி என்பது ஊர் வைத்த பெயர். நகராட்சிக் காகிதங்களில் ‘தானியங்கிச் சுவர்த் தூய்மைக் கருவி’ என்று இருக்கும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கருவி அடுத்த தெருவுக்குப் போய்விடும். முறத்தைக் கவிழ்த்துப் போட்ட அளவுதான் இருக்கும். சுவரோடு ஒட்டி ஊர்ந்துகொண்டே போய், கட்சிச் சின்னம், மூல வியாதி விளம்பரம், அம்பு துளைத்த இதயம் எல்லாவற்றையும் நக்கித் துடைத்துவிட்டு, வெறும் சுவரைப் பின்னால் விட்டுச் செல்லும். நகராட்சிச் சுவர், தனியார் சுவர் என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. முன்பெல்லாம் எவனோ கிறுக்கிவிட்டுப் போவான், வீட்டுக்காரனுக்கு நோட்டீஸ் வரும், அவன் சுண்ணாம்பு வாளியோடு அலைவான். அந்தத் தொல்லை ஒழிந்தது என்று எல்லோரையும் போலத்தான் உலகநாதனும் நினைத்தான்.

உலகநாதன் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஆகும் என்ற நினைப்பையும் ஒருமாதிரி கைவிட்டிருந்தான். அப்பா விட்டுப்போன வீட்டில் அவனும், புருஷனை விட்டு வந்த தங்கை வடிவும் இருந்தார்கள். வடிவின் ஒன்பது மாதக் குழந்தை மூளைக்காய்ச்சலில் போய்விட்டது. டாக்டர் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். ஆனால் புகுந்த வீட்டில், அவள்தான் எதையோ கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்றார்கள். முதலில் மாமியார் பேசினாள், பிறகு தெரு பேசியது, கடைசியில் புருஷன் கோமதிநாயகமும் பேசினான். வடிவு ஒரே ஒரு பையோடு அண்ணன் வீட்டில் வந்து இறங்கினாள். இங்கே வந்து சின்னப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்க ஆரம்பித்தாள். இருபது பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு கத்தும்போது அவள் முகத்தில் பழைய களை கொஞ்சம் திரும்பியிருந்தது. அது போதும் என்று உலகநாதன் நிம்மதியாக இருந்தான்.

ஒரு நாள் காலையில் பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தான். தெருப்பக்கச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் கோணல்மாணலாக எழுதியிருந்தது: ‘பெத்த பிள்ளையைக் கொன்ற வடிவு வீடு.’

யார் கை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கோமதிநாயகம் குடித்துவிட்டு வந்து கத்திவிட்டுப் போவது புதிதில்லை. எழுதிவிட்டுப் போனது இதுதான் முதல் தடவை. வடிவு பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்புக் கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. பல்லி இந்தத் தெருவுக்கு வர வெள்ளிக்கிழமை ஆகும். சாயங்காலம் இருபது பிள்ளைகள் இந்தச் சுவரைத் தாண்டித்தான் வரவேண்டும். எல்லாம் எழுத்துக் கூட்டி வாசிக்கிற வயது, அதுவும் வடிவு கற்றுக்கொடுத்த வாசிப்பு.

அவனுக்கு ஒரு யோசனை வந்தது. நம் ஊரில் சுவர் வைத்திருக்கிற எல்லோருக்கும் வருகிற யோசனைதான். மூத்திரம் போகிறவனைத் தடுக்க என்ன செய்கிறோம்? சாமி படத்தை ஒட்டுகிறோம். மோட்டார் கம்பெனிக்காரன் கொடுத்த முருகன் படம் ஒன்று, ஆள் உயரத்துக்கு, பரணில் சுருட்டிக் கிடந்தது. மைதாவைக் காய்ச்சி, எழுத்து துளியும் தெரியாதபடி முருகனை ஒட்டினான். சாமி படத்தை எவனும் கிழிக்கமாட்டான். பல்லி வருகிற அன்றைக்குத் தானே நனைத்து உரித்துவிட்டால், அடியில் இருப்பதை அது பார்த்துக்கொள்ளும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

வடிவு தலையைத் துவட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். “என்னண்ணே, திடீர்னு பக்தி பொத்துக்கிட்டு வருது?”

“சும்மாதான். வீட்டுக்கு நல்லதுல்லா.”

அவள் உள்ளே போய் ஒரு செவ்வந்திப் பூவைக் கொண்டுவந்து முருகன் காலடியில் செருகினாள். சரியாக அந்த எழுத்துக்கு மேலே செருகினாள்.

பல்லி வெள்ளிக்கிழமைக்கு முந்தியே, அவன் கடையில் இருந்த நேரம் பார்த்து வந்துவிட்டது. படம் அப்படியே இருந்ததால் அது வந்துபோனதே அவனுக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் மைதாப் பசையின் வாசனைக்கு எதிர்வீட்டு ஆடு வந்தது. முருகனின் முழங்காலில் ஆரம்பித்து மார்பு வரை தின்று தீர்த்தது. யாரோ போன் பண்ணிச் சொல்லி, உலகநாதன் கடையிலிருந்து ஓடிவந்தபோது பல்லி மறுபடி சுவரில் இருந்தது. இந்தத் தடவை அது எதையும் துடைக்கவில்லை, வரைந்துகொண்டிருந்தது.

வேல், மயில், முருகனின் சிரிப்பு எல்லாம் ஒரு கோடு பிசகாமல் சுவரிலேயே பதிந்தன. பிறகு அது காலடிக்கு இறங்கி எழுத ஆரம்பித்தது. ‘பெத்த பிள்ளையைக் கொன்ற வடிவு வீடு.’ கோமதிநாயகத்தின் கோணல் எழுத்து இல்லை. தெருப் பெயர்ப் பலகைகளில் நகராட்சி எழுதுகிற அதே உருண்டையான, அழகான எழுத்து. டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் வாசலில் நின்று ஒவ்வொரு சொல்லாக உரக்க வாசித்தார்கள். கூடத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்த வடிவுக்கு அது கேட்டது.

அவள் வெளியே வந்து பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை.

“இத மறைக்கத்தான் முருகனாண்ணே?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் உலகநாதன் நகராட்சி அலுவலகத்தில் போய் நின்றான். சுவர்ப் பிரிவு அதிகாரி இருதயராஜ் நல்ல மனிதர். இந்த மாதிரி இடங்களில் நல்ல மனிதர்கள்தான் பெரிய தொல்லை. வாய் நிறையத் திட்டவும் முடியாது. நாற்காலி போட்டு, டீ சொல்லி, கம்ப்யூட்டரில் அந்தச் சுவரை வரவழைத்துக் காட்டினார்.

“நீங்க படத்த ஒட்டினதுதான் அண்ணாச்சி வினை. வெறும் எழுத்தா விட்டிருந்தா ஒரே நக்குல போயிருக்கும்.”

“நான் மேலதானே ஒட்டினேன்? அடியில இருக்கது அதுக்கு எப்படித் தெரியும்?”

“அது நம்மள மாதிரி கண்ணால பாக்கதில்ல. சுவரத் தடவி, அடியில என்ன, மேல என்னன்னு எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிக்கிடும். போன வருஷம் வடக்குத் தெருவுல சுடலைமாடன் படத்தத் துடைச்சிட்டுன்னு கலவரம் ஆச்சுல்லா? அடுத்த வாரமே தர்கா சுவரு, அதுக்கடுத்து சர்ச்சு மாதா கெபி. பொறவு மும்மதக் குழு போட்டு ரெண்டு விதி சேத்தாவ. சாமி படத்தப் பல்லி தொடக்கூடாது. எவனாவது சாமி படத்தச் சிதைச்சான்னா, சேதி ஊருக்குள்ள பரவுததுக்கு முன்னால ஓடிவந்து பழையபடி வரைஞ்சிரணும்.”

“சரி, முருகன வரையட்டும். அந்த எழுத்து என்னத்துக்கு?”

“சாமியோட சேந்து இருந்ததெல்லாம் அதுக்குச் சாமிதான் அண்ணாச்சி.”

“அது மிஷின். நீங்க மனுஷன்தானே? அழிச்சு விடுங்க.”

இருதயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கு அழிக்கதுக்குப் பொத்தானே கிடையாது. அதிகாரி எவனும் ஒரு மதத்துப் பக்கம் சாஞ்சிரக்கூடாதுன்னு வேணும்னேதான் கொடுக்கல. மும்மதக் குழு கூடி மூணு பேரும் சம்மதிக்கணும். அதுல ஒருத்தர் கோவிச்சுக்கிட்டு விலகிட்டாரு. புது ஆளு போடுத வரைக்கும் குழுவே இல்ல.”

“நானே சுண்ணாம்பு அடிச்சிட்டா?”

“அடிச்சுப் பாருங்க. நான் கண்டுக்கிட மாட்டேன். ஆனா அது கண்டுக்கிடும்.”

கண்டுகொண்டது. உலகநாதன் இரண்டு கை சுண்ணாம்பு அடித்துவிட்டு வாளியைக் கழுவுவதற்குள் பல்லி வந்து, சுண்ணாம்பை நக்கி எடுத்து, முருகனையும் எழுத்தையும் முன்னைவிடப் பளிச்சென்று எழுதிவிட்டுப் போனது. சாக்குத் தொங்கவிட்டான், அறுத்துப் போட்டது. தகரம் அடித்தான், ஆணியைப் பிடுங்கியது. கொடி வளர்த்தால் மறைக்காதா என்று யோசித்து, முல்லை ஒன்று நட்டான். அது எழுத்தைத் தொடுகிற உயரத்துக்கு வந்ததும் பல்லி அதைக் கத்தரித்துவிட்டது. சுவரையே இடித்துவிடலாம் என்று கொத்தனாரைக் கூட்டிவந்தான். கொத்தனார் முருகனைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், கும்பிட்டார். “வேற ஆளப் பாருங்கய்யா, நான் பிள்ளகுட்டிக்காரன்” என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்குள், சாமி படத்தை மீண்டும் சிதைத்தால் வழக்குப் போடப்படும் என்று நகராட்சி நோட்டீஸ் வந்தது. பழைய நோட்டீஸ், எழுத்தை அழி என்று வரும். புதிய நோட்டீஸ், அழிக்காதே என்று வந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனான். இன்ஸ்பெக்டர் போட்டோவை வாங்கிப் பார்த்தார்.

“எழுதினது யாருங்கீரு?”

“என் தங்கச்சி மாப்பிள்ளை சார். கோமதிநாயகம்.”

“இது அந்தாளு கையெழுத்தா வே? நகராட்சி எழுத்துல்லா இது. நான் இப்ப யாரப் பிடிக்க? கமிஷனரையா?”

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. தெரு யோசித்த விதத்தைத்தான் உலகநாதனால் தாங்க முடியவில்லை. யாரோ முருகனுக்கு முன்னால் ஒரு விளக்கு வைத்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் நாலு பெண்கள் வந்து கற்பூரம் காட்டினார்கள். கும்பிட்டு நிமிர்ந்தால் எதிரே அந்த எழுத்து. இவன் சுண்ணாம்பு அடித்ததையும், தகரம் அடித்ததையும், எதை வைத்து மறைத்தாலும் அது திரும்ப வந்ததையும் எல்லோரும் பார்த்திருந்தார்கள். “முருகனே அழிய விட மாட்டேங்கான்னா, அதுல ஏதோ உண்மை இருக்கப் போய்த்தானே?” என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது ஜன்னல் வழியாக வீட்டுக்குள் கேட்டது. பல்லியை நகராட்சி வாங்கியது, அதற்கு ஒரு விதி போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

டியூஷன் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். சண்டை போட்டு யாரும் நிறுத்தவில்லை. சளி என்றார்கள், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றார்கள், இனி வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறோம் என்றார்கள். கடைசியில் கூடம் காலியானது. வடிவு தினமும் அதே நேரத்துக்குப் பாயை விரித்து, கொஞ்ச நேரம் கழித்துச் சுருட்டி வைத்தாள். பிறகு அதையும் விட்டாள். கடைக்குப் போவதில்லை, வாசலுக்கு வருவதில்லை. சமைத்து வைப்பாள், தான் சாப்பிடமாட்டாள். உலகநாதனுக்கு அவளைத் தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போகவே பயமாக இருந்தது.

மறுபடி இருதயராஜின் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தான்.

“சார், என் தங்கச்சி செத்துருவா.”

இருதயராஜ், “என் மவளும் அங்கதான் படிச்சா அண்ணாச்சி. அவ அம்மா நிறுத்திட்டா. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்கல” என்றார்.

“எதுக்குமே பல்லி சாமிய அழிக்காதா? எந்த ஒரு காரணத்துக்கும்?”

அதிகாரி கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். “ஒண்ணே ஒண்ணு இருக்கு. சொல்ல வாய் கூசுது.”

“சொல்லுங்க.”

“துட்டி வீடு. சாவு விழுந்து தீட்டு உள்ள வீட்டுச் சுவர்ல சாமி இருக்கக்கூடாதுன்னு குழுவுல ஒருத்தர் பிடிவாதமா நின்னாரு. மத்த ரெண்டு பேரும் சரின்னுட்டாவ. அதனால கண்ணீர் அஞ்சலி போஸ்டரு மட்டும் சாமி மேலயே ஒட்டலாம், பல்லி தொடாது. பதினாறு கழிஞ்சதும் வந்து மேல, அடியில எல்லாத்தையும் சுரண்டி வெறும் சுவராக்கிரும். அதோட அந்தச் சுவர மறந்துரும்.” அவர் குரலைத் தணித்தார். “போஸ்டர் அந்த வீட்டு ஆளுக்கு இருக்கணும். பேரும் படமும் வாக்காளர் பட்டியலோட ஒத்துப் போகணும். செத்ததுக்கு அத்தாட்சி கேக்காது. அழுதவன்ட்ட போய் அத்தாட்சி கேப்பாங்களா?”

“அந்த வீட்ல ரெண்டு பேருதான் சார் இருக்கோம்.”

“தெரியும் அண்ணாச்சி. அதான் சொல்ல வாய் கூசுது.”

உலகநாதன் தன் படத்தைப் போடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தான். வடிவிடம் சொன்னான். அவள் பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

“நீங்க செத்தா கடைய யாரு பாப்பா? வாடிக்கைக்காரன் மிக்சிய உங்க சமாதியிலயா கொண்டுவந்து வைப்பான்? என் படத்தப் போடுங்க.”

“ஏட்டி, வாயக் கழுவு.”

“அண்ணே, பேரு கெட்டது எனக்கு. செத்தா நான்தான் சாகணும். என்கூடப் படிச்ச செல்வி கோயமுத்தூர்ல ஒரு பிள்ளைகள் விடுதியில வேலையா இருக்கா. ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டு இருக்கா. பதினாறு முடியட்டும், சுவர் சுத்தமாவட்டும். அப்புறம் பாப்போம்.”

படத்தை அவளே தேடி எடுத்தாள். குழந்தை பிறந்த சமயம் எடுத்தது. குழந்தையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் போடச் சொன்னாள். உலகநாதன் பக்கத்து ஊர் அச்சகத்துக்கு எடுத்துப் போனான். அச்சகக்காரர் வழக்கம்போல ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, “மறைவு என்னைக்குன்னு போடணும்?” என்றார். அவன் வெளியே வந்து அவளுக்கே போன் பண்ணினான்.

“நேத்துன்னு போடச் சொல்லுங்க” என்றாள் வடிவு. “இன்னைக்குத் துணி துவைக்கணும்.”

அவள் கோயமுத்தூர் பஸ்ஸைப் பிடித்த பிறகு ஒட்டுவதாகத்தான் ஏற்பாடு. அந்தப் பஸ் அன்றைக்கு ஓடவில்லை. போஸ்டரோ கைக்கு வந்துவிட்டது. சரி, ஒரு நாள்தானே, சாமான் அறையில் இருந்துகொள்கிறேன் என்றாள். உலகநாதன் விடியலில் பசையைத் தடவி, முருகனுக்கு மேல், எழுத்துக்கு மேல், தங்கையின் சிரித்த முகத்தை ஒட்டினான். அவசரத்தில் கோணலாகிவிட்டது. பல்லி வந்து தடவிப் பார்த்தது, போய்விட்டது. இத்தனை நாளில் முதல்முறையாக அது அவன் செய்ததை அப்படியே விட்டுவைத்தது.

காபி நேரத்துக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. வேலை தேடிப் போன இடத்தில் காய்ச்சல், அங்கேயே காரியத்தை முடித்துவிட்டோம் என்று அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். யாரும் துருவிக் கேட்கவில்லை. பிள்ளைகளை நிறுத்திய அதே தாய்மார்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பொய் அழுகை இல்லை. கண்ணும் மூக்கும் சிவந்துபோய் நிஜமாகவே அழுதார்கள். “தங்கமான பொண்ணுல்லா. எம்மவனுக்கு அ ஆவே அவ சொல்லிக்கொடுத்ததுதானே” என்றாள் ஒருத்தி. “மூளைக்காய்ச்சல் வந்தா பெத்தவ என்ன செய்வா? ஊரு வாயிதான் அந்தப் பொண்ணக் கொன்னுட்டு” என்றாள் இன்னொருத்தி, ஜன்னலோரம் நின்று பேசிய அதே பெண். சாமான் அறைக் கதவு அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் இருந்தது. உலகநாதன் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானத்துக்கு மேல் கோமதிநாயகம் மாலையோடு வந்தான். குடித்திருக்கவில்லை. கூட்டம் கலையும் வரை சுவரோரமாக நின்றிருந்துவிட்டு, தனியாக ஆனதும் உலகநாதனின் காலடியில் உட்கார்ந்து குலுங்கினான்.

“அத எழுதினது நான்தான் மச்சான்.”

“தெரியும்.”

“போதை தெளிஞ்சதும் நெஞ்சு பதறிப்போச்சு. அன்னைக்குக் காலையிலயே, அவ கண்ணுல படுததுக்குள்ள அழிச்சிரணும்னு கடைக்காரன எழுப்பிச் சுண்ணாம்பு வாங்கிட்டு ஓடிவந்தேன். வந்து பாத்தா அந்த இடத்துல முருகன் நிக்காரு. சாமி மேல எப்படி மச்சான் கை வைக்க? ஏதோ உத்தரவு போலன்னு நெனச்சிட்டுத் திரும்பிப் போயிட்டேன். பொறவு பல்லி எழுதுச்சுன்னாவ.”

உலகநாதன் இவனை அடிக்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருந்தான். கை எழவில்லை. மைதா காய்ச்சிய அந்தக் காலையில் பத்து நிமிஷம் சும்மா இருந்திருந்தால் போதும். இந்தச் சுவரும் வீடும் தப்பித்திருக்கும். கோமதிநாயகம் போன பிறகும் அவன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து போய் சாமான் அறையைத் திறந்தான். வடிவு அரிசி மூட்டைமேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது முகத்திலேயே தெரிந்தது.

“ஏட்டி, நான் ஒட்டாம இருந்திருந்தா...” அவன் நின்றபடியே அழுதான்.

“நீங்க என்னத்தக் கண்டீங்க? நல்லதுன்னுதானே செஞ்சீங்க” என்று அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். செத்தவள் இருக்கிறவனைத் தேற்ற வேண்டியதாயிற்று.

மறுநாள் முதல் பஸ்ஸில், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அவள் போனாள்.

பதினாறு கழிந்த மறுநாள் பல்லி வந்தது. உலகநாதன் கடையைத் திறக்காமல் வாசலிலேயே நின்றான். முதலில் போஸ்டர் உரிந்தது. பிறகு முருகன் மயிலோடு போனார். கடைசியாக எழுத்து, ஒவ்வொரு சொல்லாகப் போனது. விளக்கு வைத்த பெண் வந்து விளக்கை எடுத்துக்கொண்டு, “சுவர் எப்படி இருக்கு பாருங்க, அவ மனசு மாதிரி” என்று கண்ணைத் துடைத்தபடி போனாள். உலகநாதன் சுவரைக் கையால் தடவிப் பார்த்தான். ஒரு புள்ளி இல்லை. உடனே கோயமுத்தூருக்குப் போன் போட்டான்.

“ஏட்டி, சுத்தமாயிட்டு! எல்லாம் போயிட்டு! இன்னைக்கே கெளம்பி வா. யாரு என்ன கேட்டாலும் நான் சொல்லிக்கிடுதேன். அண்ணனுக்குப் புத்தி பிசகிட்டு, தப்பாப் போஸ்டர் ஒட்டிட்டான்னு சொல்லுவோம். பைத்தியம்னு நெனச்சா நெனச்சுட்டுப் போறாவ.”

அந்தப் பக்கம் பிள்ளைகள் வாய்ப்பாடு கத்துகிற சத்தம் கேட்டது. அவள் அவர்களிடம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, தள்ளி வந்து பேசினாள்.

“இல்லண்ணே. அந்த ஊர்ல நான் நல்ல பேரோட செத்துருக்கேன். உயிரோட வந்து அதக் கெடுத்துக்கவா?”

உலகநாதன் இன்னொரு தடவை ‘வா’ என்று சொல்ல வாயெடுத்தான். அன்றைக்கு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அவள் கேட்ட ஒப்பாரியை, ‘தங்கமான பொண்ணு’ என்ற அந்தப் பேச்சையெல்லாம் அவனும் கேட்டிருந்தான். சொல்லவில்லை.